பின்னேரம் ஐந்தரைக்குக் கைக்கெட்டும் காரணம்: குடியைக் குறைக்க மனதைத் தயார் செய்வது எப்படி

வாய் கசந்து தலை கனத்து எழும்பும் காலையில் "இனிமேல் வேண்டாம்" என்று சொல்லாதவர் குறைவு. அந்தச் சொல் பொய்யில்லை, மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அதைச் சொல்ல வைத்தது தலையிடியும் வெட்கமும். பத்து மணிக்குத் தலையிடி போய்விடும், மத்தியானச் சோற்றோடு வெட்கமும் பாதி போய்விடும். பின்னேரம் ஐந்தரைக்கு வாய்க்காலில் கால் கழுவி ஏறும்போது, அல்லது சாந்துக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு நாட்கூலியைக் கையில் வாங்கும்போது, காலையில் இருந்த காரணத்தில் ஒன்றும் மிச்சமில்லை. பசி இருக்கிறது, அலுப்பு இருக்கிறது, காசு இருக்கிறது, மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணியபடி கூட்டாளி நிற்கிறார்.

வெட்கத்தில் எடுத்த முடிவு பின்னேரம் வரை தாங்காது. அதோடு வெட்கம் கூடினால் அதை ஆற்றவும் ஆள் போத்தலிடம்தான் போவார். தாங்கக்கூடியது விருப்பத்தில் எடுத்த முடிவு. அதைத் தேடிப் பிடிக்கவும், பிடித்ததைப் பின்னேரம் ஐந்தரைக்குக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவும் ஒரு முறை இருக்கிறது.

முதலில் உடம்பைப் பாருங்கள்

காலையில் கை நடுங்கி, ஒரு மிடறு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறதா? குடிக்காத நாளில் வியர்த்து, சத்தி வந்து, நெஞ்சு படபடக்கிறதா? முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? இதில் ஒன்றுக்காவது "ஓம்" என்றால் வீட்டில் திடீரென்று நிறுத்த வேண்டாம். அந்த உடம்பு மதுசாரத்துக்குப் பழகிவிட்டது. கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்குக் காய்ச்சல், மாறாட்டம், இல்லாத பூச்சியையும் பாம்பையும் காண்பது எல்லாம் வரும். அது உயிரை எடுக்கக்கூடியது. "பேய் பிடித்துவிட்டது" என்று நூல் கட்டக் கொண்டு திரிந்து நேரத்தை விட்டுவிடாமல் 1990 இலக்கத்துக்கு எடுத்து இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள். நடுக்கம் மட்டும் உள்ளவர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் பக்கத்தில் உள்ளதற்குப் போய் உளநலப் பிரிவைக் கேட்கலாம். சில நாட்களுக்கு மருந்தும், தயமின் எனப்படும் விற்றமின் பி1-உம் கொடுத்துப் பாதுகாப்பாக இறக்கிவிடுவது வைத்தியர்களுக்குத் தெரிந்த வேலை.

கள்ளமாகக் காய்ச்சும் கசிப்பில் "குறைப்பது" என்ற பேச்சுக்கே இடமில்லை. அதன் பலம் போத்தலுக்குப் போத்தல் மாறும். மெதனோல் கலந்திருந்தால் கண் பார்வையும் போகும், உயிரும் போகும். அளக்க முடியாததைக் குறைக்கவும் முடியாது. கசிப்பை விடுவதுதான் முதல் படி, நடுக்கம் உள்ளவர் அதை வைத்தியரோடு சேர்ந்து செய்ய வேண்டும். கர்ப்பமாக இருப்பவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் குறைந்த அளவு என்று ஒன்று கிடையாது.

குடி உங்களுக்கு என்ன தருகிறது?

புத்திமதி சொல்லும் யாரும் இதைக் கேட்பதில்லை. ஆனால் தொடங்க வேண்டியது இங்கேதான். ஏதோ ஒன்றைத் தருவதால்தான் குடிக்கிறீர்கள். அது என்னவென்று தெரியாமல் அதை எடுத்துவிட்டால், அந்த வெற்றிடம் மூன்றாம் நாளே உங்களைத் திரும்ப இழுக்கும்.

ஒரு கொப்பித்தாளில் எழுதுங்கள். வன்னியில் அநேகமாக நாலு பதில்கள் வரும்: உடம்பு நோ, நித்திரை, கூட்டம், ஞாபகம்.

உடம்பு நோவுக்குச் சுடுதண்ணீரில் குளிப்பும், வேளைக்குச் சாப்பாடும், ஒரு நாள் ஓய்வும் குடியைவிடக் கூடச் செய்யும். தினமும் குடிப்பவர் நோவுக்குப் பனடோலைத் தன்பாட்டில் தொடர்ந்து போடக்கூடாது, ஈரலைத் தாக்கும். அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

நித்திரை விஷயத்தில் சாராயம் ஏமாற்றுகிறது. கெதியாகக் கண் அயரும், ஆனால் உடம்பு அதைக் கரைத்து முடிக்கும் சாமத்தில் நித்திரையை உடைத்துவிடும். இரண்டு மணிக்கு விழித்து, வியர்த்து, பழையதெல்லாம் நினைவு வந்து முகட்டைப் பார்த்தபடி கிடப்பது இதனால்தான். குறைக்கும்போது முதல் ஒன்றிரண்டு கிழமை நித்திரை இன்னும் மோசமாகும், கனவும் கூடும். பலர் "குடிக்காவிட்டால் எனக்குச் சரிவராது" என்று திரும்பிப் போவது சரியாக இந்த நாட்களில்தான். இது வரும் என்றும், தணியும் என்றும் முன்பே தெரிந்திருந்தால் தாங்கலாம். வேலை இறுக்கமில்லாத கிழமை பார்த்துத் தொடங்குங்கள். அறுவடைக் காசு ஒரேயடியாகக் கைக்கு வரும் மாசி, பங்குனியில் வேண்டாம்.

கூட்டத்தையும் ஞாபகத்தையும் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

காரணத்தைத் தேடுவது

குடிக்காத ஒரு நாள் காலையில் இருபது நிமிடம் போதும். வெறி முறிந்த காலை வேண்டாம், அன்று வெட்கம்தான் எழுதும்.

முதல் கேள்வி: குடியைக் குறைப்பது எனக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10 வரை ஒரு இலக்கம் போடுங்கள். 4 என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததாக "ஏன் 8 இல்லை?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் மனம் சாட்டுகளைத்தான் அடுக்கும். "ஏன் 2 இல்லை?" என்று கேளுங்கள். இப்போது உங்களை 4 வரை ஏற்றியது எதுவென்று மனம் தேடத் தொடங்கும். அங்கே வருவது மற்றவர் சொல்லித் தந்த காரணம் அல்ல, உங்களுடையது. உள ஆலோசனையில் இந்தக் கேள்வி நெடுநாளாகப் பாவனையில் இருக்கிறது. இந்த ஒரு சொல் மாற்றத்தில்தான் வேலையே நடக்கிறது.

வந்த பதில்களில் நெஞ்சில் கொஞ்சம் நோகிற ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். நோக வேண்டும், ஆனால் அந்த நோவுக்கு அடியில் ஆசை இருக்க வேண்டும். "ஈரல் பழுதாகிவிடும்" என்பது பயம். பயம் வந்தால் மனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "என்னைப் பேசினவனுக்கு ஒருக்கால் காட்டுறன்" என்பது கோபம். அது மிஞ்சிப்போனால் ஒரு கிழமைதான் ஓடும்.

பிறகு அதைச் சிறிதாக்குங்கள். "பிள்ளைகளின் எதிர்காலம்" என்று எழுதினால் அது பின்னேரம் ஐந்தரைக்குக் கைக்குள் அடங்காது. ஒரு ஆள், ஒரு நேரம், ஒரு காட்சி, இந்த மூன்றும் ஒரே வசனத்தில் இருக்க வேண்டும்: "ஏழரைக்கு மகள் கணக்குக் கொப்பியோடு விறாந்தைக்கு வரேக்கை நான் பக்கத்திலை இருந்து வாய்ப்பாடு கேக்கோணும்." அல்லது: "விடிய நாலு மணிக்கு வள்ளத்தைத் தள்ளேக்கை கை நடுங்கக் கூடாது, தம்பியின்ரை பெடியன் பார்த்துக்கொண்டு நிப்பான்." நீங்கள் கதைக்கிற மொழியிலேயே எழுதுங்கள். பள்ளிக்கூடத் தமிழில் எழுதினால் அது வேறு யாரோ சொல்வது போல இருக்கும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்று நடக்கிறது. அப்பாவுக்கு அது தெரியவே வராது. மோட்டார் சைக்கிள் ஒழுங்கையில் திரும்பும் சத்தத்தை வைத்தே அவர் எப்படி வருகிறார் என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். குடித்த நாளென்றால், கொப்பியை மூடி, விளக்கை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விடும். அவர் படலையைத் திறக்கும்போது விறாந்தை வெறிச்சென்று இருக்கும். பிள்ளை படித்துவிட்டுப் படுத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். எந்தக் காரணமும் வரவில்லை என்றால், தெளிவாக இருக்கும் ஒரு காலையில் பிள்ளையிடம் கேளுங்கள்: "அப்பா குடிச்சிட்டு வாற நாளிலை உனக்கு எப்பிடி இருக்கும்?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நியாயம் சொல்ல வேண்டாம், சத்தியம் பண்ண வேண்டாம். பிள்ளை ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் அப்படியே விடுங்கள்.

வீட்டில் யாருமில்லாதவருக்கும் காரணம் உண்டு. அம்மாவுக்கு இரவுக் குளிசை எடுத்துக் கொடுக்க வேண்டியவர், கன்றோடு நிற்கும் பசுவை வைத்திருப்பவர், இரவில் மிளகாய்த் தோட்டத்துக்குக் காவல் போகிறவர், இவர்களை நம்பி ஒரு உயிர் இருக்கிறது. அது போதும்.

போரில் ஆட்களைப் பறிகொடுத்தவர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். "தம்பி போட்டான், நான் ஏன் இருக்கிறன்" என்ற இடத்திலிருந்து காரணம் எழுதினால், அது அடுத்த போத்தலுக்கே வழி காட்டும். இறந்தவர் விரும்பிய, இன்றும் உயிரோடு இருக்கிற ஒன்றைத் தேடுங்கள்: அவருடைய பிள்ளை, அவர் நட்ட மரம், அவர் பார்த்துவந்த காணி. காணாமல் ஆக்கப்பட்டவருக்காகக் காத்திருக்கும் வீட்டில், அவர் வந்தால் எந்த நிலையில் அவருக்கு முன்னால் நிற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வி கனம் கூடியது. தனியாக இருக்கும் இரவில் இதை எடுக்க வேண்டாம்.

அதை எங்கே வைப்பது

வசனத்தை ஒரு மட்டைத்துண்டில் எழுதி, பேர்சில் காசு வைக்கும் மடிப்புக்குள், காசுக்கு முன்னால் வையுங்கள். காசை எடுக்கும் கை முதலில் அதைத் தொட வேண்டும். போன் வைத்திருப்பவர் மகளையோ அம்மாவையோ கொண்டு பத்து வினாடி குரல் பதிவு செய்து வைத்திருக்கலாம்: "அப்பா, எத்தினை மணிக்கு வாறீங்கள்?" எழுத்தைவிடக் குரல் ஆழமாக இறங்கும்.

மூன்றரை, நாலு மணிக்கு ஒருமுறை மட்டையைப் பாருங்கள், அதோடு ஏதாவது சாப்பிடுங்கள். அவித்த கடலை, பாண், முதல் நாள் கட்டி வந்த புட்டு, எதுவானாலும் பரவாயில்லை. வெறும் வயிற்றோடு தவறணை வாசலைக் கடக்க முடியும் என்று நம்ப வேண்டாம். பசியும் அலுப்பும் கோபமும் தனிமையும்தான் குடி ஆசையை எழுப்பும் நாலும். இவற்றில் பசி ஒன்றைத்தான் ஐந்து நிமிடத்தில் தீர்க்கலாம்.

ஆசை எழும்பினால் அது கடல் அலை மாதிரி ஏறி, நின்று, இறங்கும். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் அதோடு வாதாட வேண்டாம். தண்ணீர் குடியுங்கள், குளியுங்கள், மாட்டை அவிழ்த்துக் கட்டுங்கள். "ஆறு மணிக்குச் சந்தி வந்தால் வலப்பக்க ஒழுங்கையால் திரும்புவேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க விட்டால் ஆசைதான் முடிவெடுக்கும்.

அளவு

குறைப்பதற்கு முன், ஏழு நாள் ஒன்றையும் மாற்றாமல் எழுதிக்கொண்டு வாருங்கள்: எத்தனை மணி, எவ்வளவு, யாரோடு, அதற்குச் சற்று முதல் மனம் எப்படி இருந்தது. கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீற்றர். மதுசாரம் 35 வீதம் என்று எடுத்தால் அதில் ஏறக்குறைய 50 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் சுமார் 35 கிராம். ஆகவே "பியர்தானே" என்று இரண்டு ரின் எடுப்பவர் கால் போத்தல்காரரைவிடக் கூடுதலாகக் குடிக்கிறார். கள்ளு இறக்கிய பிறகும் புளித்துக்கொண்டே இருப்பதால் காலைக் கள்ளைவிடப் பின்னேரக் கள்ளில் பலம் அதிகம். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்ற பெயரில் இரண்டு மூன்று போத்தல் போனால் அது கால் போத்தல் சாராயக் கணக்கைத் தாண்டிவிடலாம்.

உடம்பு ஒரு மணித்தியாலத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். அரைப் போத்தல் சாராயம் 100 கிராமுக்குக் கிட்ட. இரவு பத்து மணிக்கு முடித்தவர் விடிய ஆறு மணிக்கு உழவு இயந்திரத்தில் ஏறும்போதும் அவருக்குள் மது மிச்சம் இருக்கிறது. தேசிக்காய்த் தண்ணியோ குளிப்போ இதை வேகப்படுத்தாது.

நடுக்கம் இல்லாதவர் இப்படிக் குறைக்கலாம். முதல் கிழமையில் ஒருபோதும் குடிக்காத இரண்டு நாட்களை முடிவு செய்யுங்கள். கூலி வாங்கும் நாள் அதில் ஒன்றாக இருந்தால் மிக நல்லது. இரண்டாம் கிழமையிலிருந்து குடிக்கிற நாளின் அளவைக் குறையுங்கள். அரைப் போத்தல் வாங்கிப் பாதியை வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், வீட்டில் வைத்த பாதி அன்றிரவே முடியும். கால் போத்தலை வாங்கி, வாங்கியவுடன் மூன்றில் ஒரு பங்கை வெளியே ஊற்றிவிடுங்கள், 120 மில்லிலீற்றர் மிஞ்சும். இன்னும் இரண்டு கிழமையில் 90. ஊற்றும்போது மனம் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கவனியுங்கள், குடி உங்களை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அது காட்டும். நாலு கிழமை முயன்றும் கணக்கு இறங்கவில்லை என்றால், உங்களுக்குக் குறைப்பதைவிட முழுதாக விடுவதே இலகு என்று பொருள். ஒன்று உள்ளே போனபின் நிறுத்த முடியாதவர் பலருக்கு அந்த ஒன்றைத் தொடாமல் விடுவதே லேசு.

காசு தனியே காரணமாகாது. கால் போத்தல் 1000 ரூபா என்று வைத்தால் 26 நாளுக்கு 26,000 ரூபா என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் குடிக்கிறார்கள். குடிக்காத நாளின் காசை அன்றே ஒரு பெயர் எழுதிய பேணியில் போடுங்கள்: "சின்னவளின் சைக்கிள்". காசு பொருளாக மாறும்போதுதான் மனதைத் தொடும்.

கூட்டமும் ஞாபகமும்

பங்குபோட்டுக் குடிக்கும் வட்டத்தில் அளவு மறந்துவிடும். மறுக்கும் பதில் நீளமாக இருக்கக் கூடாது. காரணம் நீளும்தோறும் மற்றவருக்குப் பிடி கிடைக்கும். "இல்லை மச்சான், இண்டைக்கு எடுக்கேல்லை." "ஏன், மனிசிக்குப் பயமோ?" "ஓம். சோடா ஒண்டு தா." அவ்வளவுதான். வயதில் மூத்தவர் வற்புறுத்தினால், "அண்ணை, மருந்து குடிக்கிறன், கலக்கக்கூடாதாம்" என்று பலர் தப்புவார்கள். அது ஒரு நாளுக்கு உதவும். நெடுக உதவுவது அந்த வட்டத்தில் ஒருவரிடம் உண்மையைச் சொல்லி வைப்பது. ஒருவர் உங்கள் பக்கம் இருந்தால் மற்றவர்களின் வற்புறுத்தல் பாதியாகும். செத்தவீடு, அந்தியேட்டி, கலியாணவீடு ஆகியவற்றில் பந்தலுக்குப் பின்பக்கம் போகாமல், முன்னால் ஒரு வேலையைக் கேட்டு எடுங்கள். கையில் தண்ணிச்செம்போ கணக்குக் கொப்பியோ இருப்பவரை யாரும் இழுப்பதில்லை.

போரில் இறந்தவரை நினைவுகூரும் மே மாதமும், நவம்பர்க் கடைசியும், இறந்தவரின் திதியும் வரும் கிழமையில் ஆசை வழமையைவிடக் கூடும். அந்த நாட்களைக் கலண்டரில் முன்பே குறியுங்கள். விளக்கேற்றியபின் வரும் இரவுதான் கடினம். அன்றிரவு யாருடைய வீட்டில் சாப்பிடுவது, யாரோடு இருப்பது என்று பகலிலேயே பேசி வையுங்கள். அழ வந்தால் அழுங்கள். குடித்து அழுவது விடிந்ததும் தீராமல் அப்படியே நிற்கும். கெட்ட கனவு, திடுக்கிடல், சத்தத்துக்கு உடம்பு உதறுதல் எல்லாம் தொடர்ந்து இருந்தால் அது மனத்தின் காயம், அதற்கும் வைத்தியம் உண்டு. உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் உளநல உதவிக்கு 1926 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

நேர்த்தி வைப்பது பற்றி

வற்றாப்பளை அம்மனுக்கும் மடு மாதாவுக்கும் நேர்த்தி வைத்துக் குடியை நிறுத்தியவர்கள் உண்டு. அது வலுவான வழி, நாம் அதை மதிக்கிறோம். கந்தசஷ்டியின் ஆறு நாளும், தவக்காலத்தின் நாற்பது நாளும் குடிக்காமல் இருக்க முடிந்தவருக்குத் தன்னால் முடியும் என்பது கையில் உள்ள சாட்சி. பிழை வருவது எங்கே? முடிந்த மறுநாள். விரதம் முறித்த அன்றே சேர்த்து வைத்துக் குடிப்பவர் பலர், இடைவெளிக்குப் பின் பழைய அளவை உடம்பு தாங்காது என்பதால் அது ஆபத்தும்கூட. ஆகவே நேர்த்தி வைக்கும்போதே அது முடியும் நாளுக்கு அடுத்த மூன்று நாளுக்கான ஏற்பாட்டையும் எழுதுங்கள். சாராயக்கடை பூட்டியிருக்கும் போயா தினத்துக்கு முதல் நாள் வாங்கி ஒளித்து வைக்காமல் இருப்பதையே முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

சறுக்கினால்

சறுக்குவீர்கள். அன்றிரவு "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று மிச்சத்தையும் முடிப்பதுதான் பெரிய நட்டம், முதல் கிளாஸ் அல்ல. நிறுத்திய இடத்தில் நிறுத்திவிட்டுப் படுங்கள். மறுநாள் மத்தியானம் மூன்றை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, யாரோடு, அதற்கு முதல் சாப்பிட்டேனா. சத்தியம் செய்ய வேண்டாம், பிள்ளையின் தலையில் கை வைக்கவே வேண்டாம். உடைந்த சத்தியம் பிள்ளைக்கும் சுமை.

வீட்டில் இருப்பவருக்கும் ஒரு சொல். வெறியில் வந்தவரோடு இரவில் நியாயம் பேசிப் பயனில்லை, அவருக்கு விடிய நினைவிருக்காது. போத்தலை ஒளித்தால் அடுத்தது வெளியில் ஒளிப்பார். குடிக்காமல் வந்த நாளில் சொல்லுங்கள்: "இண்டைக்கு வேளைக்கு வந்தது நல்லாய் இருக்கு." அந்த ஒரு வசனம் அவருடைய மட்டையில் உள்ள வசனத்தோடு போய்ச் சேரும். ஆனால் அடி உதை இருக்கிற வீட்டில் அவர் திருந்துவதற்காகக் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, உடனடி ஆபத்தில் பொலிசுக்கு 119. பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் போகலாம்.

மட்டையிலுள்ள வசனம் ஒரு மாதத்தில் பழகிவிடும், கண் அதைத் தாண்டிப் போகும். அப்போது அதைக் கிழித்துவிட்டு, அந்த மாதத்தில் உண்மையில் நடந்த ஒன்றைப் புதிதாக எழுதி வையுங்கள்: எந்த இரவு, யார் பக்கத்தில் வந்து இருந்தார்கள், என்ன கதைத்தார்கள் என்று.